ராஜம் பெயருக்குப் பக்கத்தில்

மேற்கு மாரெட்பள்ளி,
செகந்திராபாத்.
9 பிப்ரவரி 2008

அன்புள்ள பகவதி,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டாய் என்றால் உனக்கு நூறு வயசு. மூன்று மெயில் போட்டேன். ஒன்றுக்கும் பதிலைக் காணோம். சரி, நம் பழைய வழிக்கே போவோம் என்று உன் அம்மாவுக்குப் போன் செய்து சிங்கப்பூர் விலாசம் வாங்கினேன். தாயம்மாள் அம்மா ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிவிட்டு, "எழுதும்மா, அவ யார்கிட்டயும் மனசு விட்டுப் பேசறதில்ல" என்றார்.

பழைய வழி ஞாபகம் இருக்கிறதா? ஜெராக்ஸ் கடை மாடியில், வெப்சைட் செய்து தரும் நம் ஆபீஸ். முதலாளி கோவிந்தராஜன் சார் நம் மெயிலையெல்லாம் கூச்சமே இல்லாமல் திறந்து படிப்பார். ஆனால் மனுஷர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவாரே தவிர ஓர் எழுத்து படிக்க வராது. அதனால் கோடில் ஏதாவது சொதப்பினால் நாம் தமிழில் சீட்டு எழுதி மேஜைக்கு மேஜை தள்ளுவோம். 'மூன்றாம் பக்கத்தில் மெனு உடைந்துவிட்டது. சார் டீக்குப் போனதும் சரி செய்.' ஒரு நாள் சீட்டு அவர் கையில் சிக்கியது. தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "க்யா ஹை யே, கோலமா?" என்று கேட்டார். நீ கொஞ்சம்கூட முகம் மாறாமல், "ஹவ் சார், கோலம்தான், மார்கழி வருதுல்ல" என்றாய். நான் பாத்ரூமுக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன்.

இப்போது நான் மாதாப்பூரில் ஒரு பெரிய கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறேன். கழுத்தில் ஐடி கார்டுப் பட்டை, பத்து மாடி, எந்தப் பக்கம் பார்த்தாலும் கண்ணாடி. சீட்டு தள்ளத்தான் ஆளில்லை. அடுத்த மாதம் ஏர்போர்ட்டையும் ஷம்ஷாபாத்துக்குக் கொண்டுபோகிறார்கள். நீ பேகம்பேட்டில் ஏறிப்போனாயே, அங்கே இனிமேல் பிளேன் வராதாம். பேப்பரில் படித்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாம் தமிழ்ச் சங்கத்துக்குச் செய்து கொடுத்தோமே, கல்யாண வரன்கள் பட்டியல், அந்தப் பக்கத்தை மறுபடி திறக்க வேண்டும் என்று புதுச் செயலாளர் வைத்தியநாதன் வீட்டுக்கே வந்து பழைய சிடியைக் கொடுத்துவிட்டுப் போனார். போட்டுப் பார்த்தேன். ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் படங்கள் படிக்கட்டு மாதிரி இறங்குகின்றன. வலது பக்கப் பட்டி கீழே விழுந்து கிடக்கிறது. எனக்குக் கை விட்டுப் போய்விட்டது. உனக்கு ஐந்து நிமிஷ வேலை. எப்படிச் சரி செய்வது என்று எழுதேன்.

பதிலுக்கு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
ப்ரியம்வதா


ஈசூன்,
சிங்கப்பூர்.
24 பிப்ரவரி 2008

ப்ரியா,

நூறு வயசெல்லாம் நக்கோ. இருக்கிற இருபத்தெட்டே போதும்.

முதலில் வேலையை முடிக்கிறேன். படத்துக்கு ஃப்ளோட் போட்டு இடது பக்கம் ஒதுக்கிவிட்டால், அதைச் சுற்றியுள்ள பெட்டி அந்தப் படத்தின் உயரத்தைச் சட்டை செய்யாது. எழுத்து எவ்வளவு உயரமோ அவ்வளவுக்குச் சுருங்கிவிடும். எழுத்து மூன்று வரி, படம் பத்து வரி உயரம் என்றால் படம் பெட்டிக்கு வெளியே தொங்கும். அடுத்த பெட்டி மேலே ஏறி வந்து அந்தப் படத்தை ஒட்டி உட்கார்ந்துகொள்ளும். உன் படிக்கட்டு இதுதான். பெட்டிக்கு 'ஓவர்ஃப்ளோ ஹிட்டன்' என்று ஒரு வரி போடு, படத்தையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும். எக்ஸ்ப்ளோரர் பிரவுசருக்கு அதுகூட வேண்டாம். பெட்டிக்கு அகலம் கொடுத்திருந்தாலே அது தானாகச் சேர்த்துக்கொள்ளும். நம் ஆபீஸில் எல்லா மெஷினிலும் எக்ஸ்ப்ளோரர்தானே, அதனால் நமக்கு எல்லாமே சரியாகத் தெரிந்தது. வலது பட்டி விழுவதற்குக் காரணம் வேறு. இரண்டு பட்டிகளின் அகலத்தோடு பேடிங் என்கிற உள் இடைவெளி, பார்டர் எல்லாவற்றையும் கூட்டிப் பார். மொத்த அகலத்தைவிட ஒரு பிக்சல் கூடினாலும் இடமில்லை என்று கீழே போய்விடும். எந்தப் பெட்டி எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால் எல்லாவற்றுக்கும் சிவப்புக் கோடு போட்டுப் பார்.

இதெல்லாம் உனக்குத் தெரியாததா? டெஸ்டிங்கில் சேர்ந்தால் மூளையை வாசல் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமோ?

அந்தப் பக்கத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததிலிருந்து இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று எங்கள் வீட்டில் நடந்ததை உன்னிடம் நான் முழுசாகச் சொன்னதே இல்லை. இன்று சொல்லிவிடுகிறேன்.

பட்டியலில் பெயர்கள் ஆங்கில வரிசையில் இருந்தன. உன் பெயருக்கு அடுத்தது எங்கள் அக்கா ராஜம். உன் அப்பா நாராயணஸ்வாமி சார், டிஃபென்ஸ் லேபில் ரிப்போர்ட் எழுதுகிற பழக்கத்தில், பெற்ற பெண்ணைப் பற்றி மூன்றே வரி எழுதிக் கொடுத்தார். எங்கள் அம்மா, பெண்பிள்ளை படத்தைக் கம்ப்யூட்டரில் போடக்கூடாது என்று பிடிவாதம் பிடித்ததால் அக்காவுக்குப் படமே இல்லை. ஒவ்வொருவருடைய பெட்டியும் முடிகிற இடத்தில் 'கிளியர்' என்று ஒரு வெற்றுப் பெட்டி வைக்க வேண்டும். வைத்தால் அடுத்தவர் மேலே ஏற முடியாது. அதை நான் மறந்துவிட்டேன். சோதித்துப் பார்த்தபோது எல்லோருக்கும் பத்து வரி பொய் எழுத்து போட்டுப் பார்த்தோம். நிஜத்தில் மூன்று வரியோடு நிறுத்துவார்கள் என்று யாருக்குத் தோன்றியது? ஃபயர்பாக்ஸில் பார்த்தவர்களுக்கு உன் படம், பக்கத்தில் உன்னுடைய மூன்று வரி, அதற்குக் கீழே அதே படத்தை ஒட்டி 'ராஜம், பி.காம்.' என்று எட்டு வரி.

2005 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புனேயிலிருந்து சுனில் என்கிற பையனும் அவன் அம்மாவும் லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு அக்காவைப் பார்க்க வந்தார்கள். அக்கா ஹாலுக்கு வந்து நின்றாள். அந்த அம்மாள் அவளைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு பிரிண்ட்டை எடுத்து, "இந்தப் பொண்ணு எங்க?" என்று கேட்டாள். தாளில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

நான் உடனே கம்ப்யூட்டரைப் போட்டேன். எக்ஸ்ப்ளோரரில் பக்கத்தைத் திறந்து காட்டி, பாருங்கள், எங்கள் அக்காவுக்குப் படமே போடவில்லை, நாங்கள் யாரையும் ஏமாற்றவில்லை, இது பிரவுசரால் வந்த குழப்பம் என்று கால் மணி நேரம் விளக்கினேன். கடைசியில் அந்த அம்மாளே, "சரிம்மா, உங்க மேல தப்பில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். வீட்டு மானத்தை அந்த மட்டுக்காவது காப்பாற்றினேன்.

அவர்கள் போனதும், நான்தான் ஒரு வரியை மறந்துவிட்டேன் என்று அக்காவிடம் சொல்லி அழுதேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான். நான் சிங்கப்பூருக்குக் கிளம்பியபோதுகூட வாசலுக்கு வரவில்லை. ஞாயிறுதோறும் போன் செய்கிறேன். நான் என்று தெரிந்ததும் எழுந்து உள்ளே போய்விடுகிறாளாம். அம்மாவுக்கு அப்புறம் எனக்கு இருக்கிறது அவள் ஒருத்திதான், ப்ரியா. அவள் இல்லாமல் நான் ஊருக்கு வந்து என்ன செய்ய?

உன் மெயிலுக்குப் பதில் போடாதது கோபத்தால் இல்லை. உன் பெயருக்குப் பக்கத்தில் உன் சின்னப் படம் வருகிறதே, அதைப் பார்க்கத் தெம்பில்லை. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

பகவதி


மேற்கு மாரெட்பள்ளி,
செகந்திராபாத்.
8 மார்ச் 2008

அன்புள்ள பகவதி,

நேற்றுத்தான் உன் கடிதம் வந்தது. நாலு தடவை படித்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அதனால் நடுவிலேயே ஆரம்பிக்கிறேன்.

நீ அந்த வரியை மறக்கவில்லை. எழுதினாய். ஒவ்வொரு பெட்டியிலும் எழுதினாய். நான்தான் அழித்தேன்.

அப்போது எனக்கு ஒரு கிறுக்கு பிடித்திருந்தது, உனக்குத் தெரியும். டேபிள் கட்டங்கள் போட்டுப் பக்கம் அமைப்பது பத்தாம்பசலித்தனம், கோட் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஆபீஸ் முழுக்க உபதேசம் செய்துகொண்டிருந்தேன். சார்கூட, "நக்கோம்மா அந்த ஃப்ளோட் கீட்டெல்லாம், டேபிள் போட்டு முடிச்சு விடுங்க" என்று கெஞ்சினார். கேட்டேனா? சங்கத்துக்கு ஒப்படைப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நீ சீக்கிரம் கிளம்பிவிட்டாய். நான் உன் ஃபைலைத் திறந்தேன். ஒவ்வொருவர் பெட்டியின் முடிவிலும் உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு வெற்றுப் பெட்டி. எனக்கு அது குப்பையாகத் தெரிந்தது. மொத்தத்தையும் ஒரே சொடுக்கில் நீக்கினேன். எக்ஸ்ப்ளோரரில் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தத் திங்கட்கிழமை நீ முகம் வீங்கி வந்தாய். ஒரு சீட்டைத் தள்ளினாய். 'நான் கிளியர் போட மறந்துவிட்டேன். வந்தவர்கள் உன் படத்தைக் காட்டி அக்காவை வேண்டாம் என்று போய்விட்டார்கள்.' படித்த அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? 'விடுடீ, யாருக்கும் நடக்கும்.' அந்த மூன்று வார்த்தைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. மத்தியானம் நீ சாப்பிடப் போன நேரத்தில் அந்த வரிகளைச் சத்தமில்லாமல் திரும்பப் போட்டேன். அதற்குள் சங்கத்தார் பயந்து பக்கத்தையே மூடச் சொல்லிவிட்டார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ என்னை விட்டுப் போய்விடுவாய் என்று பயம். கடைசியில் நீ போயேவிட்டாய். வைத்தியநாதன் கொடுத்த சிடியில் உன்னுடைய முதல் ஃபைல் இருந்தது. அத்தனை வரியும் அதில் இருந்தது. சரி செய்யத் தெரியவில்லை என்று எழுதியது வெறும் சாக்கு. உன் கையெழுத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் உண்மையைச் சொல்லத் தைரியம் வரும் என்று நினைத்தேன்.

ராஜம் அக்கா உன்னோடு பேசாமல் இருப்பது இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நானே சனத்நகரில் உங்கள் புது வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொல்கிறேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது.

ப்ரியா


சிங்கப்பூர்.
20 மார்ச் 2008

ப்ரியம்வதா அவர்களுக்கு,

தாராளமாகப் போய்ச் சொல்லுங்கள். செய்யாத தப்புக்கு உன் தங்கை இரண்டரை வருஷம் தண்டனை அனுபவித்தாள் என்று சொல்லுங்கள். அவளுக்கு இனியாவது என்னோடு பேசத் தோன்றட்டும்.

என் மேஜையும் உங்கள் மேஜையும் இரண்டடி தூரம். நான் தினமும் அழுததை அங்கிருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? அந்த வெற்றுப் பெட்டி எதற்கு என்று ஒரு சீட்டு எழுதிக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேனா? அழித்தது போகட்டும். தெரிந்த பிறகு ஒரு வரி எழுத முடியவில்லையா? எப்படிடீ உனக்கு மனசு வந்தது?

சொல்லிவிட்டு வந்த பிறகு எனக்கு எழுத வேண்டாம்.

பகவதி


மேற்கு மாரெட்பள்ளி,
செகந்திராபாத்.
31 மார்ச் 2008

பகவதி,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். தெரிந்ததை மறைத்து ஒரு தடவை பட்டது போதும்.

நேற்று சனத்நகர் போனேன். உங்கள் புது வீட்டுக்கு நான் போவது இதுதான் முதல் தடவை. தெரு முழுக்க லேத் பட்டறைகள், ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லாம் மூடியிருந்தன. அம்மா வெளியே போயிருந்தார். ராஜம் அக்கா கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் ஒரு நொடி அப்படியே நின்றாள். அப்புறம், "உள்ள வாம்மா, வெயில்ல நிக்காத" என்றாள். வாரம் முழுவதுக்குமான ஆபீஸ் துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து எஞ்சினியரிங் கம்பெனியில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்கிறாளாம்.

எல்லாவற்றையும் சொன்னேன். அழித்தது, மறைத்தது, உன் சீட்டு, என் சீட்டு, எதையும் விடவில்லை. அவள் இஸ்திரியை நிறுத்தவே இல்லை. நான் முடித்ததும், "இதுக்கா மாரெட்பள்ளியிலேருந்து பஸ் ஏறி வந்தே?" என்றாள்.

"பகவதி மேல தப்பே இல்லக்கா" என்றேன்.

அப்போதுதான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை.

"அந்த வரிய யாரு போட்டா என்ன, யாரு அழிச்சா என்ன? அதுக்காகவா நான் பேசாம இருக்கேன்? அந்தப் புனே அம்மா கேட்டது எனக்கு வலிச்சுது, இல்லங்கல. ஆனா அவங்க யாரோ. படம் மாறிப்போச்சு, போயிட்டாங்க. இவ யாரு? இவ என்ன பண்ணா தெரியுமா? என் பக்கம் முதுகைத் திருப்பிக்கிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா. 'பாருங்க ஆன்ட்டி, எங்க பேஜ் சரியாத்தான் இருக்கு'ன்னு கால் மணி நேரம் அதையே சொல்றா. நான் நடு ஹால்ல நிக்கறேன், ப்ரியா. உக்காரவும் முடியாம உள்ள போகவும் முடியாம நிக்கறேன். 'இவதான் எங்க அக்கா, இவளுக்கு என்ன குறைச்சல்'னு ஒரு வார்த்தை அவ வாயில வரல. அவங்க போனப்புறம் வந்து அழறா. அப்பவும் மறந்துபோன வரிக்குத்தான் அழறா. எனக்காக அழல."

இதை உனக்கு எழுதலாமா என்று மட்டும் கேட்டேன். "எழுதறதுன்னா எழுது, கைக்கு, எதுக்கு என்னைக் கேக்கறே?" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். ஆனால் நான் கிளம்பும்போது, "அங்க அவளுக்கு நம்ம சாப்பாடு கிடைக்குதாமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

என் பாவத்தை இறக்கி வைத்து உன்னைக் காப்பாற்றலாம் என்று போனேன். உனக்கு இன்னொரு சுமையை அனுப்புகிறேன். நீ பதில் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு முகமில்லை. ஆனாலும் தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்காமல் இருக்கப் போவதில்லை.

என்றும் உன்,
ப்ரியா


ஈசூன்,
சிங்கப்பூர்.
20 ஏப்ரல் 2008

ப்ரியா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முதல் இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். அப்புறம் அக்காவைத் திட்டினேன். அவளுக்கு என்ன தெரியும், அன்று என் நிலைமை அப்படி என்று தனியாக ரூமில் உட்கார்ந்து வாதாடினேன். மூன்றாவது நாள் வாதாட ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அவள் சொன்னது அத்தனையும் நிஜம். அந்தக் கால் மணி நேரத்தில் நான் ஒரு தடவைகூட அவள் பக்கம் திரும்பவில்லை.

உன் மேல் கோபம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இருக்கிறது. இன்னும் கொஞ்ச காலம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அக்கா சொன்னதை நீ மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது, அப்படியும் எழுதினாயே, அது எனக்குப் பெரிசு. நீ எழுது. நானும் எழுதுகிறேன். அந்தக் கோல ஜோக்கை வேறு யாரிடம் சொன்னாலும் சிரிக்க மாட்டேன் என்கிறார்கள்.

இன்று காலை வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மாதான் எடுத்தாள். அக்கா வரும் வரைக்கும் நான் வைக்கப் போவதில்லை, காசு போனால் போகட்டும் என்று சொன்னேன். ரொம்ப நேரம் கழித்து அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. "சொல்லு" என்றாள்.

மன்னிப்பு என்று நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஒன்றையும் படிக்கவில்லை. "அக்கா, அன்னிக்கு நீ அந்தப் பச்சைப் புடவையில ரொம்ப அழகா இருந்தே. அதை நான் அவங்ககிட்ட சொல்லியிருக்கணும்" என்றேன்.

"நீலம்டீ" என்றாள். "பச்சை இல்ல. நீ எங்க என்னைப் பார்த்தே?"

நான் போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் போனை அம்மாவிடம் கொடுக்கவில்லை. அது என்ன நீலம், கரை எத்தனை விரல் அகலம், செகந்திராபாத்தில் எந்தக் கடையில் எடுத்தது, அன்று காலை அதைக் கட்டிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆனது என்று ஒவ்வொன்றாக எனக்குச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பகவதி